மூன்றாம் நாள் மண்வெட்டி

எங்க சேரியில் இரவுப் பள்ளி தொடங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. சமுதாயக் கூடம் என்று பெயர் எழுதி, கதவு வைக்காமலே விட்டுவிட்டுப்போன ஒரு கட்டடம்தான் பள்ளிக்கூடம். நானும் இன்னும் மூன்று பேரும் சம்பளம் இல்லாமல் பாடம் சொல்லித் தருகிறோம். போன மாசி மாதத்தில் ஒரு நாள் கணக்குப் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கேட்டேன். ஊர்த்தெருக்காரங்க கிட்ட இருக்கிறதுல நமக்கு எதெல்லாம் வேணும்? அவங்க கிட்ட இருக்கிறதுல நமக்கு எது வேண்டவே வேண்டாம்? நம்ம கிட்ட இருக்கிறதுல எதை விடாம வச்சுக்கணும்?

முதல் கேள்விக்குப் பதில்கள் வந்து குவிந்தன. நிலம், வீட்டுக்குள்ளேயே கக்கூஸ், தெரு முனை வரைக்கும் வருகிற பஸ், டியூஷன் வாத்தியார். இரண்டாவதுக்கு ஒரே பதில்தான் வந்தது. ‘திமிரு.’ எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவது கேள்விக்கு வெகுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி எழுந்து, ‘சாவு வூட்டுல அடுப்பு எரியாதுக்கா. தெருவே சோறு கொண்டாந்து குடுக்கும். அதை விடக்கூடாது’ என்றாள். ‘மாடு அடிச்சா கூறு போடுறமே, ஆளில்லாத ஆயாவுக்கும் ஒரு கூறு உண்டு, அது’ என்றான் இன்னொருவன். ‘பறை’ என்றது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். உடனே பத்தாவது படிக்கிற பையன் ஒருத்தன் துள்ளி எழுந்தான். ‘அதை எதுக்கு வச்சுக்கணும்? எங்க தாத்தா அவன் வூட்டு எழவுக்கெல்லாம் அடிச்சு அடிச்சுத்தான் செத்தாரு.’ அன்றைக்குப் பள்ளி சண்டையில்தான் முடிந்தது.

அந்த மூன்று கேள்விகளும் என் கற்பனையில் உதித்தவை அல்ல. 1964 கோடையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக நடந்த விடுதலைப் பள்ளிகளின் பாடத்திட்டத்திலிருந்து எடுத்து, எங்க ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கேட்டவை. எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் தோழர் ஒருவர் கொடுத்த ஜெராக்ஸ் கட்டு ஒன்றில்தான் முதலில் அவற்றைப் பார்த்தேன். அன்றிலிருந்து ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அடிமையாக்கப்பட்டுக் கடல் கடத்தப்பட்ட மக்கள், தங்களிடமிருந்து பிடுங்கப்பட்ட ஒரு கண்டத்தின் கூட்டு வாழ்வைத் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே சொல்லிக் கொடுக்க முயன்றார்கள். உள்நாட்டிலும் செய்தார்கள், ஆப்பிரிக்காவுக்கே போயும் செய்தார்கள். அது எங்கே பலித்தது, எங்கே இடறியது என்று பார்ப்பது நமக்கு அவசியம் என்று நினைக்கிறேன். சேரி என்றும் ஊர் என்றும் பிரிக்கப்பட்ட மண்ணில் ‘கூடி வாழ்தல்’ என்ற சொல்லை நம்மால் அத்தனை சுலபமாக வாயில் வைக்க முடிவதில்லை.

1957-லிருந்து தொடங்கலாம். தெற்குக் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் நகரத்தை ஒட்டி ஜான்ஸ் தீவு இருக்கிறது. அந்தக் கடலோரத் தீவுகளின் கறுப்பர்களை குல்லா மக்கள் என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பிடித்துவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள். கூடை முடைகிற விதத்திலும், பேச்சிலும், பாட்டிலும் ஆப்பிரிக்கா அவர்களிடம் மிச்சம் இருந்தது. ஓட்டு மட்டும் இல்லை. வாக்காளராகப் பதிய வேண்டுமானால் அரசியல் சட்டத்தின் பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். படிக்கவிடாமல் வைத்திருந்துவிட்டு, படித்துக் காட்டு என்று கேட்கிற நியாயம் நமக்குத் தெரியாததா?

செப்டிமா கிளார்க் நாற்பது வருஷம் ஆசிரியராக இருந்தவர். கறுப்பர் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தார் என்பதற்காக 1956-ல் வேலையைப் பறித்தார்கள், ஓய்வூதியமும் போயிற்று. அவரும், தீவில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஈசா ஜென்கின்ஸும் சேர்ந்து முதியோர் பள்ளிக்குத் திட்டமிட்டார்கள். முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை, பின்பக்கம் பள்ளிக்கூடம். வெள்ளையர் கண்ணில் கடை மட்டும் படும். பாடம் சொல்ல வாத்தியார் யாரையும் அவர்கள் தேடவில்லை. பெர்னிஸ் ராபின்சன் என்ற அழகு நிலையப் பெண்ணை அழைத்தார்கள். வெள்ளையரிடம் சம்பளம் வாங்காதவர் என்பதால் அவரை மிரட்ட முடியாது என்பது ஒன்று. படித்தவள் என்ற தோரணை இல்லாதவர் என்பது இன்னொன்று.

சின்னப் பிள்ளைகளின் பாடப் பொருட்களோடு போன ராபின்சன், வந்திருந்த முதியவர்களைப் பார்த்ததும் அதை ஒதுக்கி வைத்துவிட்டார். நான் டீச்சர் இல்லை, சேர்ந்து கற்றுக்கொள்வோம் என்று சொல்லி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அவையே பாடமாயின. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் ஒட்டி, வகுப்பு முடியும்போது இதைப் படித்துவிடுவோம் என்றார். படித்தவர்கள் ஓட்டும் பதிந்தார்கள். தீவுக்குத் தீவு பரவிய இந்தக் குடியுரிமைப் பள்ளிகளை 1961-ல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு ஏற்றுத் தெற்கு முழுவதும் கொண்டு போனது. ‘ஆப்பிரிக்கப் பண்பாடு’ என்று யாரும் அங்கே பலகை மாட்டவில்லை. அந்த மக்களின் பழைய கூட்டு வாழ்வு அதுவாகவே பள்ளிக்கூடம் ஆகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மிசிசிப்பி இன்னும் கொடூரமான இடம். மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்த சார்லி காப் 1963 டிசம்பரில் விடுதலைப் பள்ளிகளுக்கான யோசனையை எழுதிக் கொடுத்தார். கறுப்புப் பள்ளிகளில் கேள்வி கேட்பதே குற்றமாக இருக்கிறது, அதனால் கேள்வி கேட்கப் பழக்குகிற பள்ளி வேண்டும் என்பது அவர் வாதம். 1964 கோடையில் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் மாதாகோயில்களிலும் மரத்தடிகளிலும் பள்ளிகள் நடந்தன. 2000 பிள்ளைகளுக்கு மேல் வந்தார்கள். வடக்கிலிருந்து ஆயிரம் பேரளவில் மாணவத் தொண்டர்கள் அந்தக் கோடை இயக்கத்துக்கு வந்தார்கள், பெரும்பாலும் வெள்ளையர். சொந்தச் செலவில் வர வேண்டும், ஜாமீனுக்கென 500 டாலர் கையில் வைத்திருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லப்பட்டது. ஜூன் 21-ஆம் தேதி ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூவரும் கொல்லப்பட்டார்கள். உடல்கள் ஆகஸ்ட் 4-ஆம் தேதிதான் கிடைத்தன. சேனி அந்த மண்ணின் கறுப்பர், வயது 21. அந்தச் செய்திக்குப் பிறகும் பள்ளிகள் நடந்தன.

அந்த இயக்கத்துக்குள்ளேயே ஒரு முணுமுணுப்பு இருந்தது. வந்த தொண்டர்கள் நல்லவர்கள்தான். ஆனால் வேகமாக டைப் அடிக்கிறவன், சரளமாகப் பேசுகிறவன் வந்து உட்கார்ந்ததும், அதுவரை தட்டுத்தடுமாறிக் கூட்டம் நடத்திய உள்ளூர்க்காரர் பின்னுக்குப் போய்விடுகிறார். கறுப்பு ஊழியர்கள் இதை வெளிப்படையாகவே விவாதித்தார்கள். சேரிக்குச் சேவை செய்ய வந்த எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்! போட்டோ எடுப்பாங்க, நோட்டு கொடுப்பாங்க, நம்ம பிள்ளைக்கு நாமே ஒழுக்கம் சொல்லித் தரத் தெரியாதுன்னு நமக்கே பாடம் நடத்துவாங்க. போய்விட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. தொண்டு என்பதற்குள் இருக்கிற மேல்-கீழ் பற்றி மிசிசிப்பிக்காரர்கள் அன்றே பேசிவிட்டார்கள்.

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் கிளர்ச்சி வெடித்து 34 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு அங்கே எழுந்த அமைப்புகளில் ஒன்றின் பெயர் ‘அஸ்’. நாம் என்று பொருள். அதன் தலைவர் மௌலானா கரேங்கா 1966 டிசம்பர் 26-ஆம் தேதி தொடங்கி ஏழு நாள் கொண்டாடுகிற ‘குவான்சா’ விழாவை உருவாக்கினார். சுவாஹிலியில் முதல் விளைச்சல் என்ற தொடரிலிருந்து எடுத்த பெயர். ஏழு நாளுக்கு ஏழு நெறி. உமோஜா, ஒற்றுமை. குஜிச்சகூலியா, நம் பெயரையும் நம் வழியையும் நாமே தீர்மானிப்பது. உஜிமா, கூட்டு உழைப்பும் கூட்டுப் பொறுப்பும். உஜாமா, கூட்டுறவுப் பொருளாதாரம். நியா, நோக்கம். கூம்பா, படைப்பாற்றல். இமானி, நம்பிக்கை. கறுப்பு, சிவப்பு, பச்சை நிறங்களில் ஏழு மெழுகுவத்தி, விரித்த பாய், அதன்மேல் பிள்ளைக்கு ஒன்றாக மக்காச்சோளக் கதிர்.

இட்டுக்கட்டிய பண்டிகை என்று இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. அமெரிக்கக் கறுப்பர்களின் முன்னோர் பெரும்பாலும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து பிடிக்கப்பட்டவர்கள். சுவாஹிலியோ கிழக்குக் கரையின் மொழி. மக்காச்சோளமே அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன பயிர். இந்த உண்மைகளை ஒத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. யாருடைய பண்டிகைதான் இட்டுக்கட்டாதது? அவர்களுக்குப் பூர்வீக ஊர் எது, குலம் எது என்று தெரியாமல் அழித்தவன் வெள்ளை எஜமான். எந்த ஒரு இனக்குழுவுக்கும் மட்டும் சொந்தமாகாத, பல நாட்டவருக்குப் பொதுவான மொழி என்பதால்தான் சுவாஹிலியை எடுத்தார்கள். பறிபோனதை அப்படியே மீட்க முடியாத மக்கள் வேறு என்ன செய்வார்கள்? தலித் என்ற பெயரை நாம் எடுத்துக்கொண்டபோதும் இதே கேலி நமக்கும் கிடைத்தது.

இந்த நெறிகளைக் கொண்டாட்டத்தோடு நிறுத்தாமல் பள்ளிக்கூடமாக ஆக்கியவர்கள் உண்டு. நியூயார்க்கின் புரூக்ளினில், 1968-ன் பெரிய ஆசிரியர் வேலைநிறுத்தச் சண்டைகளுக்குப் பிறகு, அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த ஜிட்டு வியூசியும் அவர் தோழர்களும் 1970-ல் ‘உஹூரு சாசா’ என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். விடுதலை, இப்போதே என்று பொருள். பள்ளிக்குப் பணம் திரட்ட அவர்கள் தெருவில் நடத்திய விழா, பள்ளி மூடப்பட்ட பிறகும் பெரிய ஆப்பிரிக்கக் கலை விழாவாகத் தொடர்ந்தது. நியூவர்க்கில் அமினா பராகா ஆப்பிரிக்க விடுதலைப் பள்ளியை நடத்தினார்.

இந்த இடத்தில் ஒரு கசப்பைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கரேங்காவின் அமைப்பு, பெண் அடங்கி ஆணுக்குத் துணை நிற்பதுதான் ஆப்பிரிக்க மரபு என்று அந்த நாட்களில் கற்பித்தது. 1969 ஜனவரியில் அந்த அமைப்புக்கும் கருஞ்சிறுத்தைகளுக்கும் நடந்த மோதலில் சிறுத்தைகள் இருவர் பல்கலைக்கழக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எஃப்.பி.ஐ. போலிக் கடிதங்களும் கேலிச் சித்திரங்களும் அனுப்பி அந்தப் பகையை வளர்த்தது பின்னால் செனட் விசாரணையில் வெளிவந்தது. 1971-ல் தன் அமைப்பின் இரண்டு பெண்களைத் தாக்கி அடைத்து வைத்த வழக்கில் கரேங்கா தண்டிக்கப்பட்டு, 1975-ல் வெளியே வந்தார். அரசியல் பழிவாங்கல் என்றார் அவர். போலீஸ் சூழ்ச்சியை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனாலும் பெண் அடங்க வேண்டும் என்ற பாடத்தை எஃப்.பி.ஐ. எழுதித் தரவில்லையே. அதை உள்ளேயிருந்து எதிர்த்தவர்கள் அமினா பராகா போன்ற பெண்கள்தான். பள்ளியையும் குழந்தைகள் காப்பகத்தையும் சமையலையும் சுமந்தவர்களும் அவர்கள்தான்.

எனக்கு இது படித்துத் தெரிந்த விஷயம் மட்டும் இல்லை. நான் இருந்த ஓர் அமைப்பில், நம் கலாச்சாரத்தை மீட்பது பற்றி மூன்று மணி நேரம் பேசிய ஒரு தோழர், கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்த்து, ‘டீ என்னாச்சு பாரும்மா’ என்றார். நான் பேச வேண்டிய நேரம் டீ போடுவதிலேயே போயிற்று. நம் மரபு என்று எதைச் சொன்னாலும், அதில் டீ போடுகிறவள் யார் என்று அன்றிலிருந்து கேட்கிறேன்.

இனி கடல் கடந்த கதை. தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே பள்ளி ஆசிரியராக இருந்தவர். மக்கள் அவரை வாத்தியார் என்ற பொருளில் ‘முவாலிமு’ என்றே அழைத்தார்கள். குடும்பமாக இருத்தல் என்று பொருள்படும் உஜாமாவைத் தன் நாட்டின் சோஷலிசத்துக்குப் பெயராக வைத்தார். 1967 பிப்ரவரியில் அரூஷா பிரகடனம், அதே வருஷம் தற்சார்புக்கான கல்வி பற்றிய அறிக்கை. படித்தவன் கிராமத்தை விட்டு ஓடுவதற்காக அல்ல, கிராமத்தோடு சேர்ந்து உழைப்பதற்காகவே கல்வி என்றார். விருந்தாளியை இரண்டு நாள் உபசரி, மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு என்கிற சுவாஹிலிப் பழமொழி அவருக்குப் பிடித்தமானது.

அமெரிக்கக் கறுப்பர்கள் பலர் அந்த மண்வெட்டியைத் தேடிப் போனார்கள். மிசிசிப்பிக் கோடையை முன்னின்று நடத்திய பாப் மோசஸும் அவர் துணைவியார் ஜேனட்டும் 1969-லிருந்து 1976 வரை தான்சானியாவின் சாமே என்ற ஊரில் ஆசிரியர்களாக இருந்தார்கள். மோசஸ் கணக்குப் பாடம் எடுத்தார். தலைவர் பட்டம் இல்லை, மேடை இல்லை, சாதாரண வாத்தியார் வேலை. ஆனால் போன எல்லாருக்கும் தாய்வீடு வாய்க்கவில்லை. வெள்ளையரைக் குறிக்கிற ‘முசுங்கு’ என்ற சொல்லாலேயே தங்களையும் அழைப்பதைக் கேட்டுத் திகைத்தவர்கள் உண்டு. 1974-ல், ஆறாவது பான்-ஆப்பிரிக்க மாநாடு தார் எஸ் சலாமில் கூடவிருந்த நேரத்தில், ஓர் அமெரிக்கக் கறுப்பரின் சரக்குப் பெட்டியில் துப்பாக்கிகள் இருந்ததாகச் சொல்லி அங்கிருந்த அமெரிக்கக் கறுப்பர்கள் பலரைப் பிடித்து அடைத்தார்கள். தோலின் நிறம் ஒன்றே உறவுக்குப் போதவில்லை.

உஜாமாவுக்கும் இரண்டு முகம் இருந்தது. தென்மேற்கே ருவூமா பகுதியில் லிட்டோவா முதலான சில கிராமங்களில் விவசாயிகள் தாங்களாகவே சேர்ந்து, நிலத்தைக் கூட்டாக உழுது, தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே பள்ளி நடத்தினார்கள். நைரேரே கனவு கண்டது எதுவோ அதுதான். ஆனால் யார் சொல்லியும் கேட்காத சுயேச்சையான விவசாயியைக் கட்சிக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. 1969-ல் அந்தச் சங்கத்தையே ஆளுங்கட்சி கலைத்துவிட்டது. பிறகு 1973-லிருந்து கிராமங்களில் குடியேறுவது கட்டாயமானது. லட்சக்கணக்கான மக்கள் இடம் பெயர்க்கப்பட்டார்கள். பல இடங்களில் பழைய குடிசைகளைக் கொளுத்தி விரட்டினார்கள். அதே ஆட்சியில்தான் முதியோர் கல்வி இயக்கம் எழுத்தறியாமையைப் பெருமளவு குறைத்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிராமம் ஒரு குடும்பம் என்று நைரேரே சொன்னபோது, அம்பேத்கர் 1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் இந்தியக் கிராமத்தைப் பற்றிச் சொன்னது எனக்கு நினைவுக்கு வருகிறது. கிராமத்தை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதனை அலகாகக் கொண்டதற்காக அவர் மகிழ்ந்தார். நம் கிராமத்தின் கூட்டு வாழ்வு நம்மை வெளியே நிறுத்தி வைத்துத்தான் நடந்தது. ஊர் கூடித் தேர் இழுத்தது. நாம் எட்டி நின்றோம். ஆகவே கூட்டு என்று யார் சொன்னாலும் நான் இரண்டு விஷயம் பார்க்கிறேன். இதில் சேர எல்லாருக்கும் இடம் இருக்கிறதா? வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போகவும் உரிமை இருக்கிறதா? ஜான்ஸ் தீவில் இரண்டும் இருந்தன. லிட்டோவாவில் இருந்தன. 1973-க்குப் பிறகு இரண்டாவது இல்லை. நம் ஊரில் முதலாவதே இல்லை.

போனவர்களில் தங்கிவிட்டவர்களும் உண்டு. கன்சாஸ் சிட்டி கருஞ்சிறுத்தைகளின் தலைவராக இருந்த பீட் ஓனீல், துப்பாக்கி வழக்கில் சிறைக்குப் போகாமல் 1970-ல் நாட்டைவிட்டுத் தப்பினார். அல்ஜீரியா வழியாக 1972-ல் தான்சானியா வந்து சேர்ந்தார். அவரும் துணைவியார் சார்லட்டும் அரூஷா அருகே இம்பசேனி கிராமத்தில் வீடு கட்டி, விவசாயம் செய்து, 1991-ல் சமூக மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஆங்கிலம், கம்ப்யூட்டர், ஓவியம், இசை. வெளிநாட்டுத் தொண்டர்களும் வந்து பாடம் எடுத்தார்கள். 27 வருஷம் சிறையில் கிடந்து 1997-ல் தீர்ப்பு ரத்தாகி வெளிவந்த ஜெரோனிமோ பிராட்டும் கடைசிக் காலத்தில் அந்தக் கிராமத்தில் வாழ்ந்து 2011-ல் அங்கேயே இறந்தார். ஆப்பிரிக்கரின் கூட்டு வாழ்வை ஆப்பிரிக்கருக்கே கற்பிக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு ஓனீல் போகவில்லை. போக இடமில்லாமல் போனார். மூன்றாம் நாள் மண்வெட்டியை எடுத்தார், அவ்வளவுதான்.

மோசஸ் திரும்பி வந்தார். 1982-ல் தன் மகள் படித்த பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுக்கத் தொடங்கி, அதை ‘அல்ஜிப்ரா திட்டம்’ என்ற பெரிய இயக்கமாக்கினார். ஒரு காலத்தில் ஓட்டு எப்படியோ, இன்றைக்கு ஏழைக் கறுப்புப் பிள்ளைக்குக் கணக்கு அப்படி என்றார். 2021-ல் இறக்கும்வரை அவர் வாத்தியாராகவே இருந்தார்.

இவர்களுக்கும் நமக்கும் உள்ள உறவு நேற்று முளைத்தது இல்லை. 1873-ல் ஜோதிபா புலே தன் ‘குலாம்கிரி’ நூலை, அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்த மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-ல் அம்பேத்கர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. 1972-ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பெயரையே அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது மூன்று கேள்விகள்.

சண்டையில் முடிந்த அந்த வகுப்புக்குப் பிறகு ஒரு மாதம் பறையைப் பற்றியே பேசினோம். அந்தப் பையனின் தாத்தாவோடு சேர்ந்து அடித்தவர் ஒருவரைக் கூட்டி வந்து பேச வைத்தோம். கூலியாக நெல்லை முந்தானையில் அளந்து போட்ட கதையை அவர் சொன்னபோது யாரும் பேசவில்லை. முடிவில் பிள்ளைகளே ஒரு தீர்மானம் எழுதினார்கள். பறை கற்போம், நம் வீட்டுச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் நம் கூட்டத்துக்கும் அடிப்போம், ஊர்த்தெருச் சாவுக்கு யார் கூப்பிட்டாலும் போக மாட்டோம், பெண் பிள்ளைகளும் அடிக்கலாம். அந்தப் பையன் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. ‘எனக்கு அது வேணாம்க்கா. நான் கணக்கு படிக்கிறேன்’ என்றான். சரி என்றேன். அவன் வேண்டாம் என்று சொன்னதையும் அந்தத் தாளிலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

இரவுப் பள்ளி நடத்துகிற தோழர்கள் இந்த மூன்று கேள்விகளை உங்கள் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். எங்க பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.